மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் கட்டில்

1

இங்கே திதிச் சோற்றை எடுக்கக் காகம் வருவதில்லை, கடற்புறா வருகிறது. ஒவ்வொன்றும் கோழி அளவு இருக்கும். கா கா என்று தொண்டை வலிக்கக் கூப்பிடும் வேலையும் இல்லை. தட்டோடு பின்கதவைத் திறந்தாலே வேலியில் வந்து உட்கார்ந்துவிடும். முதல் வருடம் என் மனைவி, "இது கணக்கில் சேருமா?" என்று கேட்டாள். இத்தனை தூரம் வந்தவனுக்கு வந்த பறவைதான் காகம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள இந்தச் சின்ன நகரத்துக்கு நான் வந்து பதினாறு வருடம் ஆகிறது. அம்மா போய் எட்டு வருடம். ஆடி மாதத்தில் திதி. ஆடி மாதம் இங்கே சுற்றுலாக் காலம், நான் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன், ஆகவே அன்றைக்கு லீவு கிடைத்ததே இல்லை. விடியக் காலையில் படைத்துவிட்டு, பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு ஏரிக்கும் கோட்டைக்கும் கிளம்பிவிடுவேன்.

ஓட்டுவதும் நான்தான், கதை சொல்வதும் நான்தான். கோட்டை என்று பெரிதாகப் பேர், போய்ப் பார்த்தால் பாதி இடிந்த சுவர். சுவரை எந்த மனுஷனும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டான். அதனால் நான் ஒரு கதை வைத்திருக்கிறேன். அண்ணன் படையோடு வெளியே போயிருந்த சமயத்தில் தம்பி கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டான், அண்ணன் மூன்று நாள் பனியில் நின்று கத்திப் பார்த்துவிட்டு அப்படியே போய்ச் சேர்ந்தான் என்று. உண்மையா என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டியவர் சொன்னார், நான் சொல்கிறேன். கேட்டவர்கள் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள், இரண்டு பேராவது கண்ணைத் துடைப்பார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இன்றைக்குப் பார்த்ததோ, வேறு எந்த நாட்டில் பார்த்ததோ, உங்களுக்கு மறக்கவே முடியாதது எது என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். தூங்காமல் வருவார்கள், எனக்கும் தூக்கம் வராது.

2

போன வருடம், சரியாகத் திதி நாளன்று, மார்கரெட் என்று ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் முன்சீட்டில் இருந்தார். அவருடைய முறை வந்ததும், "மன்னிக்கணும், உங்கள் கோட்டை இல்லை. இந்தியாவில் ஒரு வீடு" என்றார்.

தெற்கே, மலையடிவாரத்தில், அருவிகள் இருக்கிற ஊர் என்றார். குளிக்கிற அருவிகள், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள், பக்கத்து ஊர்க் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது என்றார். எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. அது எங்கள் ஊர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கட்டிலுக்கு வந்துவிட்டார்.

"நாங்கள் தங்கிய வீட்டில் மாலை ஐந்து மணிக்கு எல்லோரையும் ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு கயிற்றுக் கட்டில். அந்த வீட்டுக்காரருடைய தாயார் கடைசி ஒன்பது நாள் அதில்தான் கிடந்தாராம், வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு. மூத்த மகன் வெளிநாட்டில். வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லையாம். நாங்கள் ஒவ்வொருவராக அதில் ஒரு நிமிடம் படுத்து, பேசாமல், வாசலைப் பார்க்க வேண்டும். நான் அழுதுவிட்டேன். எப்பேர்ப்பட்ட மகனாக இருப்பான், சொல்லுங்கள்?"

வண்டியில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். மார்கரெட் தன் போனை நீட்டினார். வளைவு தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். இஞ்சின் சூடாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு போனை வாங்கிப் பார்த்தேன். மேலகரத்தில் எங்கள் வீடு. எங்கள் முன் அறை. அம்மாவின் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் வேட்டி மடித்துக் கட்டி, கைகட்டி, சோகமாக நிற்கிற என் தம்பி முருகேசன்.

"நல்ல படம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வேறென்ன சொல்ல?

3

நடந்தது இது.

எட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்திருந்த நேரம். பாஸ்போர்ட்டை அப்படியே தபாலில் அனுப்ப வேண்டும். திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்று அனுப்புகிறவனுக்கும் தெரியாது, வாங்கி வைத்திருக்கிறவனுக்கும் தெரியாது. அவசரமாக ஊருக்குப் போக வேண்டுமென்றால் கடிதம் எழுதித் திரும்பக் கேட்கலாம். கேட்டால் விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். நான் தினமும் கூப்பிட்டேன். முருகேசன் தினமும் ஒன்றையே சொன்னான்.

"சாதாரணக் காய்ச்சதான்ணே. கஷாயம் குடிச்சுட்டுத் தூங்குதா. எழுப்பவா?"

"வேண்டாம்லே, தூங்கட்டும். நான் கெளம்பி வரணுமாலே? வரணும்னா சொல்லு, பாஸ்போர்ட்டத் திருப்பிக் கேட்டுருதேன்."

"நீ வராண்டாம்ணே. நான் பாத்துக்கிடுதேன்."

பத்தாம் நாள் அவனே கூப்பிட்டான். எல்லாம் முடிந்து, எரித்து, மறுநாள் தாமிரபரணியில் கரைத்துவிட்டும் வந்திருந்தான். மூத்த பிள்ளைக்குத்தான் கடைசியில் சேதி வருகிறது. "மொதல்லயே சொன்னா நீ பதறிப்போய்க் கெளம்பிருவ. அங்கன உள்ளதும் போயிரும். அதான் சொல்லல" என்றான். அழுதான். நானும் அழுதேன்.

வெளிநாட்டில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதியை உடனே சொல்லக் கூடாது என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். சொல்லாமல் இருப்பதுதான் பாசம். அதை நானும் செய்தேன். என் மகள் நித்யாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, விடுமுறையில் ஏதோ நீச்சல் பரீட்சை. ஆச்சி இறந்ததைப் பரீட்சை முடிந்த பிறகுதான் அவளிடம் சொன்னோம். அவள் அழவில்லை. "நேற்று ஏன் இட்லியைச் சிரித்துக்கொண்டே கொடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். பாதி இங்கிலீஷ், பாதித் தமிழ். அப்புறம் அந்தப் பாதித் தமிழும் குறைந்துபோயிற்று. தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில், இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. சனிக்கிழமை எனக்கு வண்டி. மனைவி புனலூர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்க வராது. எங்கள் வீட்டில் தமிழ் எழுத்து என்னோடு சரி.

இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. முருகேசன் சொன்னதைக் கேட்டு அழுதேன் என்றேனே, அதற்கு உள்ளே எங்கோ எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. நான் எடுக்க வேண்டிய முடிவை அவன் எடுத்துவிட்டான். அதற்காக அவனுக்கு ஏழு வருடம் மனதார நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வயலை விட்டுவிட்டு வீட்டில் விருந்தாளிகளைத் தங்க வைக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது, தொழில் தெரிந்தவன் என்கிற முறையில் யோசனை சொன்னதும் நான்தான். சாரல் காலத்தில் ஐந்தருவிக்கு அதிகாலையில் கூட்டிப் போ, கூட்டம் வரும் முன்னே. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் மத்தியானம் போகாதே, வெயில் ஏறும் முன்னே போ. செங்கோட்டையிலிருந்து மலை ரயிலில் ஏற்றிவிடு, வரும்போது பார்டர் புரோட்டா வாங்கிக் கொடு. கடைசியாக இதையும் சொன்னேன்: "சும்மா செவத்தக் காட்டாதலே. ஒரு கதையச் சொல்லு. ரெண்டு பேராவது அழணும். அப்பத்தான் அவங்களுக்கு ஞாபகம் நிக்கும்."

"செரிண்ணே" என்றான். தம்பி சொல்பேச்சுக் கேட்கிறவன்.

4

சுற்றுலாக் காலம் முடிந்ததும், ஐப்பசியில், முன்கூட்டிச் சொல்லாமல் ஊருக்குப் போனேன்.

வாசலில் வரவேற்புப் பலகை. அதில் அன்றைய நிகழ்ச்சிகள் சாக்பீஸில் எழுதியிருந்தன. காலை அருவி, எண்ணெய்க் குளியல், கோயில், ரயில். எல்லாம் நான் சொன்ன வரிசை. கடைசி வரி: மாலை ஐந்து மணி, அம்மாவின் கட்டில்.

முருகேசன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து பெட்டியை வாங்கினான். அவன் முகம் ஒரு கணம் வெளுத்துத் திரும்பியதைக் கவனித்தேன். அவன் மனைவி செல்வி, சுரண்டைக்காரி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க பெரியத்தான்" என்றவள் அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கேட்பதற்கு முன்னாலேயே அவன் மெதுவாகச் சொன்னான்: "இன்னைக்கு ஒரு நா கட்டில் வேண்டாம்ணே. வேற ஏதாவது சொல்லிச் சமாளிக்குதேன்."

ஆனால் விருந்தாளிகள் விடவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், போன சாரல் காலத்தில் வந்து தங்கிப் போனவராம், இந்த முறை அதற்காகவே தன் தாயாரைக் கூட்டி வந்திருந்தார். "அண்ணாச்சி, அந்தக் கட்டில் கதையை அம்மாவுக்குச் சொல்லணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். இரண்டு வெள்ளைக்காரர்களும் கேமராவோடு தயாராக நின்றார்கள். முருகேசன் என்னைப் பார்த்தான். நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சொல்லட்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

"இவரு யாருங்க?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"நம்ம சொந்தக்காரரு. ஃபாரின்ல இதே தொழில்" என்றான் தம்பி.

சொந்தக்காரர். சரி.

நன்றாகச் சொன்னான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும், எல்லாம் தெரிந்திருந்தது. தமிழில் ஒரு முறை, தனக்கு வருகிற இங்கிலீஷில் ஒரு முறை.

"அம்மா கேக்கா: ஏலே, பெரியவனுக்குச் சொல்லிட்டியா? நான் சொல்லுதேன்: சொல்லிட்டேம்மா, வருதானாம், டிக்கெட் போட்டுட்டானாம். மறுநாளும் கேக்கா. வந்துக்கிட்டு இருக்காம்மா. கட்டில வாசப் பக்கமாத் திருப்பிப் போடச் சொல்லுதா. போட்டோம். ஒம்பது நாளு. அந்தா, அந்தக் கதவத்தான் பாத்துக்கிட்டே கெடந்தா. பெரியவன் வரவேயில்ல."

கோயம்புத்தூர்க்காரரின் தாயார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஒவ்வொருவராகப் படுத்து எழுந்தார்கள். என் முறை வந்தபோது எனக்கு முதுகு வலி என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் போகும்போது என் கையைப் பிடித்தார். "நீங்களும் வெளிநாட்டுலதான இருக்கறீங்க? உங்கம்மா நல்லா இருக்காங்களா கண்ணு?"

"இல்லம்மா, போயிட்டாங்க."

"நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் திருப்தியாகப் போனார்.

அதுவரை எல்லாம் ஜோடித்த கதை என்றுதான் நினைத்திருந்தேன். தொழில், நாலு பேரை அழ வைக்க ஒரு பொய், என் கோட்டைக் கதை மாதிரி. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தேன். அடுப்படியில் தண்ணீர் வாங்கப் போனபோது செல்வியிடம் கேட்டேன்: "கட்டில வாசப் பக்கம் திருப்பிப் போட்டதெல்லாம் யாரு ஜோடிச்சது?"

செல்வி தம்ளரை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "அது ஜோடிச்சதில்ல பெரியத்தான். அத்த கேட்டது நெசம். நீங்க வருதீங்கன்னு ஒங்க தம்பி அத்தைட்ட சொன்னதும் நெசம். கடைசி அன்னைக்கும், 'பெரியவன் வண்டி மதுரையத் தாண்டிருக்கும்லா'ன்னுதான் கேட்டாவ."

தண்ணீரைக் குடிக்காமலே வெளியே வந்தேன். அந்தக் கதையில் பொய் ஒன்றே ஒன்றுதான், எனக்குச் சொன்னதாகச் சொன்னது. அது விருந்தாளிகளுக்காகப் பிறகு சேர்த்த பொய் இல்லை. அம்மாவுக்காக அன்றைக்கே சொன்ன பொய். வேனில் மார்கரெட் என்னை எப்படி நினைத்தாரோ, அப்படி நினைத்துக்கொண்டேதான் என் அம்மா செத்திருக்கிறாள்.

கொல்லைப்புறத்தில் முருகேசனைப் பிடித்தேன்.

"எங்கிட்ட காய்ச்சன்னு சொல்லியிருக்க. அம்மாட்ட நான் வருதேன்னு சொல்லியிருக்க. ரெண்டு பேத்துக்கும் நடுவுல நின்னு என்ன வேலலே பாத்த?"

"நல்லதுக்குத்தான்ணே. ஒனக்குப் பாஸ்போர்ட்டு போயிரக் கூடாது. அம்மா உசுரும் நிக்கணும். நீ வருதேன்னு சொன்னதுலதான் அவ ஒம்பது நாளு கெடந்தா. இல்லன்னா மூணாம் நாளே போயிருப்பா."

அதை விட்டுவிட்டு நான் அடுத்ததைப் பிடித்தேன். "செரி. அத ஏம்லே ஊரு ஒலகத்துக்கெல்லாம் இப்படிச் சொல்லுத? நீ மறைச்சதச் சொல்ல வேண்டியதுதான?"

"நீதான கதை சொல்லுன்ன?" அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "தம்பிக்காரன் சொல்லாம மறைச்சுட்டான்னா எவன்ணே அழுவான்? என்னய ஒரு மாதிரி பாத்துட்டு ரூமக் காலி பண்ணிட்டுல்லா போவான்? நீ இங்கனயா இருக்க, ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அடிக்கக் கை ஓங்கினேன். மாடியில் வெள்ளைக்காரர்கள் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் ஓங்கிய கையை அப்படியே அசைத்தேன்.

5

அந்த வீட்டில் கிளம்புகிறவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. மறுநாள் காலையில் கார் வரும்வரை அதைப் புரட்டினேன். அருவி அருமை, சாப்பாடு அருமை என்று ஆரம்பிக்கிறவர்கள்கூடக் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். "அந்தப் பிள்ளைக்கு நல்ல கதி கிடைக்காது" என்று மதுரையிலிருந்து ஒரு குடும்பம். "அவன் பிள்ளைகளும் அவனை இப்படியே விட்டுவிடும்" என்று ஒரு பெண், அழகான கையெழுத்தில். எத்தனை ஊர், எத்தனை மொழி. முன்பின் பார்த்திராத இத்தனை பேர் உட்கார்ந்து என்னைச் சபித்திருக்கிறார்கள்.

பேனாவை எடுத்து நானும் எழுதினேன்.

"அந்த அண்ணன் நான்தான். பெயர் சங்கரலிங்கம். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எரித்த பிறகுதான் சொன்னார்கள். நான் வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதையும் நான் சொல்லவில்லை. எனக்குச் சொல்லியிருந்தால் வந்திருப்பேன். இந்தக் கட்டிலில் படுக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு படுங்கள்."

வந்திருப்பேன் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. இருந்தாலும் எழுதினேன். பக்கத்தைக் கிழித்து எறிந்துவிடுவான் என்று தெரியும். கிழிக்கட்டும், கிழிக்கும்போதாவது ஒரு முறை வாசிப்பான் அல்லவா என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசவில்லை. இங்கே யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை, மனைவியைத் தவிர.

இந்த ஆடியில் நித்யா, பல்கலைக்கழகத் தோழிகள் இரண்டு பேரோடு இந்தியா சுற்றப் போனாள். சித்தப்பா வீட்டில் மூன்று நாள் தங்குவோம் என்றாள். என்ன சொல்லித் தடுப்பது? இருபது வயதுப் பெண். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, போய்விட்டு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

படங்கள் வந்தன. அருவியில் நனைந்த தலையோடு, சூரியகாந்திக்கு நடுவில், ரயில் ஜன்னலில் முகத்தை நீட்டிக்கொண்டு. மூன்றாம் நாள், திதிச் சோற்றை வேலியோரம் வைத்துவிட்டு உள்ளே வந்து போனைப் பார்த்தேன். ஒரு படமும் செய்தியும். படத்தில் அந்த நோட்டின் என் பக்கம். முருகேசன் கிழிக்கவில்லை. கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறான். தமிழ் வாசிக்கத் தெரிந்த விருந்தாளிகள் வரும்போது கழற்றி வைத்துவிடுவான் என்று நினைக்கிறேன்.

அவள் இங்கிலீஷில் எழுதியிருந்தது இது:

"அப்பா, நேற்று மாலை ஆச்சியின் கட்டிலில் படுத்தேன். சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னார். முதலில் உங்கள் மேல் ரொம்பக் கோபம் வந்தது. பிறகு இதை வாசித்துக் காட்டினார். நான் வராமல் இருந்தது தப்பு, என்னை மன்னித்துவிடு அம்மா என்று எழுதியிருக்கிறீர்களாமே. எல்லோரும் அழுதுவிட்டோம். தப்பை இப்படி எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? உங்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது."

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். "அவளோட பறஞ்ஞூடே உங்களுக்கு, சொல்லிடக் கூடாதா? இப்பவே போன் பண்ணிப் பறயுங்க" என்றாள். போனில் நித்யாவின் எண்ணை எடுத்தேன். என்ன எழுதினேன் என்று ஒவ்வொரு வரியாக மகளுக்கு இங்கிலீஷில் சொல்லிவிடலாம். எங்கள் கோட்டையில் நான் தினமும் அதைவிடப் பெரிய கதையை இங்கிலீஷில் சொல்கிறவன்தான்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். சாரலுக்குப் போகிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் மாலை ஐந்து மணிக்கு இருந்தால், அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கேட்டு வாங்கி வாசித்துப் பாருங்கள்.

என்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது என்று என் மகள் சொல்வது இதுதான் முதல் தடவை. அவளுக்கு நன்றி என்று பதில் அனுப்பினேன்.